பழைய வண்டிக்குப் புதிய கண்ணாடி
(ஆண்டு விழாச் சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. அம்மரபினின்று சற்றே விலகி, இன்று ஒரு கைத்தொழிலைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன். பழைய மோட்டார் வண்டியின் முன்கண்ணாடியையும் அதனைச் சூழ்ந்த பளபளப்பான பட்டையையும் மாற்றும் தொழிலே அது.

இதில் நம் சென்னைக்கும் பங்குண்டு. 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்னும் வண்டி வெளிவந்தது. அதற்கு உருவம் தந்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி. 1961 முதல் அவ்வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் பெயரால் சென்னையில் உருவாயிற்று. ஹெரால்டின் அடிச்சட்டத்தை அடிப்படையாகக் கொண்டு, அதே கலைஞர் வரைந்த ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார் 1962இல் தோன்றியது. ஆகவே, நம் ஊர் ஹெரால்டு ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் உடன்பிறப்பு அன்றோ!

இவ்வண்டிகள் இன்று ஆர்வலர் சிலரிடமே உள்ளன. குர்லாவில் பிறந்த பிரீமியர் பத்மினியும் 2023 அக்டோபரில் மும்பை டாக்சி வரிசையினின்று விடைபெற்றது. ஐம்பது ஆண்டு கடந்து, அடிச்சட்டமும் உடற்கூடும் எஞ்சினும் மாறாதிருக்கும் வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிவு செய்ய 2021ஆம் ஆண்டு விதிகள் வழிவகுத்தன. இவற்றைக் காக்க விரும்புவோர் முதலில் எதிர்கொள்ளும் இடர்களுள் ஒன்று முன்கண்ணாடி.

இக்கால வண்டிகளில் கண்ணாடியைப் பசையால் ஒட்டுகின்றனர். அக்கால வண்டிகளிலோ, தொழிலாளர் 'பீடிங்' என்று வழங்கும் ரப்பர் வளையமே கண்ணாடியைத் தாங்கும். வெயிலில் அந்த ரப்பர் இறுகி வெடிக்கும். மழைநீர் அதன் அடியில் புகும். உப்புக்காற்று வீசும் இக்கடற்கரை நகரில் இரும்புச் சட்டம் விரைவில் துருவேறும். துருவேறிப் புடைத்த சட்டம் கண்ணாடியை அழுத்த, ஒருநாள் அது விரிசலுறும். மக்கள் கல்லைப் பழிப்பர், குற்றம் ரப்பருடையது!

பணியின் முறையைக் கேளுங்கள். முதலில் பட்டையை வளைக்காமல் கழற்ற வேண்டும். வளைந்த பட்டைக்கு ஈடு தேடிக் குர்லாவிலும் சோர் பஜாரிலும் அலைய நேரும். பின்னர்ப் பழைய ரப்பரை அறுத்தெடுத்து, சட்டத்தின் துருவை முற்றும் சுரண்டி, வண்ணம் பூசி, உலர விட வேண்டும். பொறுமையிழந்தோர் இப்படியைத் தாண்டிச் செல்வர். அவர்தம் உழைப்பு அடுத்த மழையிலேயே வெளிப்பட்டுவிடும்.

அதன்பின் புதிய ரப்பரைக் கண்ணாடிக்கு அணிவித்து, அதன் உட்பள்ளத்தில் ஒரு கயிற்றைச் சுற்றுவர். சோப்பு நீர் தடவிச் சட்டத்தில் பொருத்துவர். ஒருவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் மெல்ல அழுத்த, மற்றவர் உள்ளிருந்து கயிற்றைச் சிறிது சிறிதாக இழுப்பார். கயிறு வர வர, ரப்பரின் உதடு சட்டத்தின் மேல் ஏறி அமரும். இறுதியிலேதான் பட்டையைப் பதிப்பர். ஒருவர் விரைந்து மற்றவர் தயங்கினால் கண்ணாடி உடையும்.

எந்தக் கண்ணாடி இடுவது என்பதே பெரிய வினா. அக்காலத்தில் பல வண்டிகளுக்குக் காய்ச்சிக் குளிர்வித்த கடுங்கண்ணாடி இட்டனர். அது உடைந்தால் முழுதும் சிறுமணிகளாக நொறுங்கும். ஓடும் வண்டியில் ஓட்டுநரின் பார்வை ஒரு கணத்தில் மறையும். இரு கண்ணாடிகளுக்கிடையே மென்தகடு வைத்த அடுக்குக் கண்ணாடியோ விரிசலுற்றாலும் சிதறாது. பிரெஞ்சு அறிஞர் எடுவார் பெனெடிக்டஸ் 1909இல் உரிமம் பெற்ற முறை அது. பழமையைப் போற்றுவோர் சிலர் அன்றைய கண்ணாடியே வேண்டும் என்பர். என் கருத்து வேறு. உருவம் பழமையாய் இருக்கட்டும். உள்ளே அமரும் மனைவி மக்களின் உயிர்க்குக் காவல் புதுமையாய் இருக்கட்டும். அடுக்குக் கண்ணாடியால் வண்டியின் அழகு எள்ளளவும் குறையாது.

அன்பர்களே! பிறந்த மண்ணை விட்டு நெருளில் குடியேறிய நாமும், நம் பழக்கவழக்கங்களில் எதை அப்படியே வைப்பது, எதை மாற்றுவது என்று நாள்தோறும் எண்ணுகின்றோம். அதற்கு இத்தொழில் ஓர் அளவுகோல் தருகின்றது: அடையாளத்தைக் காப்போம், ஆபத்தை மட்டும் களைவோம்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். இக்கயிற்றை இழுக்கத் தெரிந்த கைகள் அருகி வருகின்றன. உங்கள் மகனோ மகளோ பட்டறையின் பக்கம் ஆவலோடு நின்றால், கறை படியும் என்று கடிந்து அழைக்காதீர்கள். சற்று நின்று பார்க்க விடுங்கள். நூலில் கற்கும் கல்விக்கு அது பகையன்று, துணையே ஆகும்.