சூழொலியும் தமிழ்ச் சொல்லும்

(சுந்தரபாண்டியத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



திருவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் நிலைபெயரும் காலை, தேரடியில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்க்கும் எது எங்குளது என்பது விளங்கும். முன்னே வடம் பிடிப்போரின் ஆரவாரம். ஒருமருங்கில் நாகசுரமும் தவிலும். பின்னே குழந்தையைக் காணாத தாயின் கூவல். மேலே தேர்ச்சீலையின் படபடப்பு. செவிகள் இரண்டே, அவற்றின் இடைவெளி ஒரு சாண் அளவே. எனினும், ஓர் ஒலி ஒரு செவியை முந்தியும் மறுசெவியை ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியினும் குறைந்த காலம் பிந்தியும் அடைவதைக் கொண்டே மூளை திசையை உணர்ந்துகொள்கிறது. இவ்வியற்கையை வீட்டுக் கூடத்துள் கொணரும் முயற்சியே சூழொலி. கடைக்காரர் அதனைச் 'சரவுண்டு' என்பார். 'ரிசீவர்' என அவர் கூறும் பொறியைத் தமிழில் ஏற்பி எனலாம்.

தமிழ்த்திரை வாய்திறந்தது 1931இல், காளிதாசு படத்தால். அன்று தொட்டு நெடுங்காலம் ஒற்றை ஒலித்தடமே பேச்சையும் பாட்டையும் ஒருங்கே சுமந்தது. 1986இல் வந்த மாவீரன், எழுபது மில்லிமீட்டர்ப் படச்சுருளில் ஆறு ஒலித்தடங்களைக் கொணர்ந்தது. 1995இல் குருதிப்புனல் இடால்பி ஒலிமுறையில் வந்தது. படத்தின் பெயரும் பழுதற்ற தமிழாக அமைந்தமை தனி மகிழ்ச்சி. 2012 திசம்பரில் முப்பரிமாண வடிவில் மீண்டும் வெளிவந்த சிவாசி, தலைக்கு மேலிருந்தும் ஒலி பொழியும் 'அட்மாசு' முறையைத் தாங்கி வந்தது. இம்முறைகட்குத் தம் பெயரை ஈந்த இரே இடால்பி என்னும் அமெரிக்கர், 1965இல் இலண்டனில் தம் நிறுவனத்தைத் தொடங்குமுன் ஏறத்தாழ ஈராண்டு இந்தியாவில் யுனெசுகோ அறிவுரைஞராகப் பணிபுரிந்தவர் என்பதும் அறியத்தக்கது.

இனி வீட்டிற்கு வருவோம். சுந்தரபாண்டியத்தில் பத்தடி அகலமும் பதினான்கடி நீளமும் உடைய ஒரு கூடத்தை எண்ணிக்கொள்க. மூத்த மகன் வெளியூரில் ஈட்டிய பணத்தில் ஐந்து ஒலிப்பெட்டிகளும் ஓர் அடியொலிப் பெட்டியுமாக வாங்கி வந்து பூட்டிவிட்டான். அதனைத்தான் 5.1 என்பர். பொறி முழங்குகிறது, வெடியோசையில் சாளரக் கண்ணாடி அதிர்கிறது. மூலையில் அமர்ந்த முதியவளோ, "என்ன பேசுறான், ஒண்ணும் விளங்கலையே" என்கிறாள். மகன் ஒலியைக் கூட்டுகிறான். வெடி இன்னும் பெருகுகிறது. பேச்சு முன்போலவே மங்கிக் கிடக்கிறது. அடுத்த வீட்டார் கதவைத் தட்டுகின்றனர்.

இவ்வேறுபாட்டின் கரணியம் ஒலிப்பெட்டியின் விலையில் இல்லை, அமைப்பிலேதான் உளது. சூழொலிப் படத்தில் உரையாடலின் பெரும்பகுதி திரைக்கு நேரே வைக்கப்படும் நடுப்பெட்டியின் வழியே வருகிறது. சுவர்க்கு இடமில்லை என்று அப்பெட்டியை மேசைக்கடியில் தள்ளினோ, அலமாரிக்குள் அடைத்தோ வைத்தால், தமிழைத் திணித்து மூடியதே ஆகும். நடுப்பெட்டியை வாங்காமலே விட்டு, ஏற்பியில் மட்டும் 'உளது' எனப் பதிந்தாரும் உளர். அவர் வீட்டில் பாட்டு வரும், வெடி வரும். பேச்சு மட்டும் வாராது. அத்தகையோர் 'நடுப்பெட்டி இல்லை' என்று பதிந்துவிடின், அவ்வொலி இடவலப் பெட்டிகட்குப் பிரிந்து சென்றுவிடும். குறை அப்பொழுதே தீரும்.

மழை என்பதற்கும் மலை என்பதற்கும் ஓரெழுத்தே வேறுபாடு. மேற்கு மலையின் அடியில் வாழும் ஊரார்க்கு இரண்டும் வேண்டும். ஒன்று மற்றொன்றாகக் கேட்டல் ஆகாது. உயிரொலிகளின் வலிமை தாழ்ந்த அதிர்வுகளில் மிகுதி. மெய்யொலிகளைப் பிரித்துக் காட்டும் நுண்மை பெரும்பாலும் அவற்றினும் உயர்ந்த அதிர்வுகளில் உளது. அகவை ஏற ஏறச் செவி முதலில் இழப்பது அவ்வுயர் அதிர்வுகளையே. ஆகவே முதியவள் குறை கூறியது அறியாமையால் அன்று. இளஞ்செவி ஊகித்து நிரப்பிக்கொள்வதை அவள் செவி நிரப்பவில்லை, அவ்வளவே.

இந்நிலையில் ஏற்பியின் கைக்கருவியில் உள்ள முறைகளுள் எதனை அழுத்துவது? இங்கேதான் நம்மவர் பெரிதும் வழுக்கி விழுகின்றனர். அரங்கம், கோயில், விளையாட்டுத்திடல் என்னும் பொருள்படும் அயற்சொற்கள் பொறித்த முறைகளைக் கண்டதும் மயங்குகின்றனர். பெயர்பெற்ற இசையரங்குகளின் எதிரொலியை அளந்து, அதனை எண்ணியல் வழியில் வீட்டில் மீளச் செய்யும் கருவியை யமகா நிறுவனம் 1986இல் வெளியிட்டது. வியப்புக்குரிய ஆக்கம்தான், நாகசுரக் கச்சேரிக்கு அது பொருந்தவும் கூடும். ஆயின் உரையாடலுக்கு அதனை இட்டால், ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலைமேல் விழும். ழகரமும் ளகரமும் லகரமும் ஒரே குழம்பாகிவிடும்.

ஐந்து தடங்களாகவே பதிவுற்ற படத்திற்கு 'டைரக்ட்' என்னும் நேர்முறையே சாலும், பதிந்தவாறே ஒலிக்கும். பாடல்களை மட்டும் கேட்பதாயின் 'சுடீரியோ' என்னும் இரட்டைமுறை நன்று. எல்லாப் பெட்டியிலும் ஒன்றையே ஒலிக்கச் செய்யும் முறை மணவீட்டுக்கு ஆகும். படம் பார்ப்பதற்கு ஆகாது. இனி, 'புரோ லாசிக்கு' முதலிய விரிமுறைகள் உள. இவை இரு தடங்களையும் ஒப்புநோக்கி, இரண்டிலும் ஒத்துள்ளதை நடுப்பெட்டிக்கும், ஒன்றற்கொன்று எதிர்நிலையில் உள்ளதைப் பின்பெட்டிகட்கும் அனுப்புகின்றன. ஆகவே 1952இல் வந்த பராசக்தி போன்ற ஒற்றைத்தடப் படத்தை இம்முறையில் இட்டால் ஏறத்தாழ முழுவொலியும் நடுப்பெட்டிக்கே செல்லும். பின்பெட்டி ஊமையாயிற்றே என்று அஞ்ச வேண்டா. குரல் திரையிலிருந்து வருவதே முறை.

இரவில் 'நைட்டு' என்னும் முறை உதவும். அது பேரொலியைத் தாழ்த்திச் சிற்றொலியை உயர்த்தும். சுவரொட்டி வாழும் தெருவில் அண்டைவீட்டார்க்குச் செய்யும் நன்றியும் ஆகும். அமருமிடத்திலிருந்து ஒவ்வொரு பெட்டியின் தொலைவையும் அளந்து பதிதலும் வேண்டும். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஆயிரத்தில் மூன்று பங்கு நொடி ஆகிறது. அதற்கேற்பக் கருவி முன்பின் திருத்திக்கொள்ளும். நடுப்பெட்டியின் அளவை மட்டும் இரண்டு மூன்று தெசிபல் கூட்டி வைத்தால் முதியவளின் முகம் மலரும். இவையெல்லாம் செய்தும், இரட்டைமுறையில் குரல் திரை நடுவில் நில்லாது எங்கோ மிதப்பதாகத் தோன்றின், இடவலப் பெட்டிகளுள் ஒன்றன் சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் மாறிப் பூட்டப்பட்டுள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். இப்பிழை பெரிய வீடுகளிலும் நிகழ்வதே.

ஒன்று எஞ்சியுளது. இடச்சு, சுவீடியம், போலந்து மொழிகளில் எல்லாம் திரைப்பட்டியல் காட்டும் ஏற்பிகள் விற்பனையில் உள. சுவீடிய மொழி பேசுவார் ஏறத்தாழ ஒரு கோடியர். தமிழ் பேசுவார் அதனினும் பன்மடங்கினர். செல்பேசியில் தமிழ் ஏறிவிட்டது. கேட்டோர் இருந்தமையால் ஏறிற்று. ஏற்பி வாங்குவோர் கடையிலேயே "தமிழ்ப் பட்டியல் உண்டா?" என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுத்தல் வேண்டும். அது வருங்காறும், கைக்கருவியின் விசைகள்மேல் சிறு தாளொட்டித் தமிழில் எழுதி வைக்கலாம். நேர், இரட்டை, விரி, இரவு என நான்கு சொற்கள் போதும். முதியவளும் தானே அழுத்திக்கொள்வாள். அரங்கமுறையின் விசைமேல் ஒன்றும் எழுதாது விடினும் ஏதமில்லை.