ஒரு பாடத்தை மறுபடியும் எடுக்கலாமா?



ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலைப் பக்கம் போனால், தேக்காச் சந்தைக்கு வரும் கூட்டத்துக்கு நடுவே, தோளில் புத்தகப்பை மாட்டிய பிள்ளைகளையும் காணலாம். அவர்களில் சிலர் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து இங்கே படிக்க வந்தவர்கள்.

அப்படிப்பட்ட ஒரு பெண்ணை மனத்தில் வைத்துக்கொள்வோம். அப்பா பால்மரம் வெட்டியவர். இப்போது செம்பனைத் தோட்டத்தில் வேலை. மகள் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் நான்காண்டுப் படிப்பில் மூன்று ஆண்டுகளை முடித்துவிட்டாள். மேலே முதுகலை படிக்க ஆசை. ஆனால் புள்ளியியல் பாடத்தில் 'சி' வந்துவிட்டது. "அந்தப் பாடத்தை இன்னொரு தடவை எடுத்து, நல்ல புள்ளி வாங்கிக்கொண்டு மனுச் செய்யட்டுமா அப்பா?" என்று தொலைபேசியில் கேட்கிறாள்.

"எனக்கென்னம்மா தெரியும்? ஆறு மாதம் கூடினாலும் பரவாயில்லை" என்பார் அப்பா. அவர் மனத்தில் பெருமையும் இருக்கும். அடுத்துப் படிக்கக் காத்திருக்கும் மகனைப் பற்றிய கவலையும் இருக்கும். ஆறு மாதம் என்பது ஆறு மாதச் சாப்பாடு, வாடகை, கட்டணம் அல்லவா? ஆகையால் இந்தக் கணக்கைப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் விதியைப் பார்ப்போம். இந்தப் பல்கலைக்கழகத்தில் ஒருமுறை தேறிய பாடத்தை, புள்ளியை உயர்த்துவதற்காக மறுபடியும் எடுக்க முடியாது. 'சி' என்பது தேறியதுதான். கட்டாயப் பாடத்தில் தோற்றவர்களே அதைத் திரும்ப எடுக்க வேண்டும். வேறு பல்கலைக்கழகங்களில் விதி வேறாக இருக்கும். எனவே பிள்ளை எங்கே படித்தாலும், தோழிகள் சொல்வதை நம்பாமல், அலுவலகத்தில் நேரே கேட்டறிவதே முதல் வேலை.

அடுத்தது கணக்கு. இங்கே 'ஏ' என்றால் 5, 'பி' என்றால் 3.5, 'சி' என்றால் 2. நான்காண்டுப் படிப்பில் சுமார் 40 பாடங்கள். எளிமைக்காக எல்லாவற்றுக்கும் சம எடை என்று வைத்துக்கொள்வோம். மறுபடி எழுத அனுமதி உண்டு, 'சி' போய் 'ஏ' வந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும் கூடுவது 3 புள்ளி. அதை 40-ஆல் வகுத்தால் சராசரியில் ஏறுவது 0.075 மட்டுமே.

இப்போது மற்றொரு வழியைப் பாருங்கள். நான்காம் ஆண்டில் இன்னும் 10 பாடங்கள் மீதி இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அரைப் புள்ளி கூடுதலாக, அதாவது 'பி பிளஸ்' வரும் இடத்தில் 'ஏ மைனஸ்' வாங்கினால் மொத்தம் 5 புள்ளி கூடும். சராசரி 0.125 ஏறும். இப்போதுள்ள போக்கில் 3.45-இல் நிற்க வேண்டியவள் 3.575-க்கு வந்துவிடுவாள். இந்த வேறுபாடு சிறிதன்று. 3.50-ஐத் தொட்டால்தான் 'மெரிட்' என்ற தகுதியோடு ஆனர்ஸ் பட்டம் கிடைக்கும். ஆய்வு முதுகலைக்கு மனுச் செய்பவர்களிடம் பல துறைகள் அந்தத் தகுதியையாவது எதிர்பார்க்கின்றன.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆழமாகக் கத்தி பட்டுக் காயமான பட்டையிலேயே மறுபடியும் கத்தி வைப்பீர்களா? அந்தப் பட்டை ஆற விட்டுவிட்டு, நல்ல பக்கத்தில் கோடு போட்டல்லவா பால் எடுப்பீர்கள்?

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. புள்ளி வேறு, அறிவு வேறு. அவள் படிக்கப்போவது தமிழ் இலக்கியம் என்றால், புள்ளியியலில் வாங்கிய 'சி' அவளைப் பெரிதாகத் தடுக்காது. படிக்கப்போவது பொருளியலோ பொதுச் சுகாதாரமோ என்றால் புள்ளியியல்தான் அடித்தளம். அது ஆட்டம் கண்டால் மேலே கட்டும் சுவரும் ஆடும். அப்போது அந்தப் பாடத்தை மீண்டும் கற்றே ஆக வேண்டும். அதற்காகப் பட்டப்படிப்பை நீட்டிக்கத் தேவையில்லை. ஆசிரியரிடம் அனுமதி கேட்டு வகுப்பில் உட்கார்ந்து கேட்கலாம். விக்டோரியா தெருவில் 2005-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேசிய நூலகத்தில் புத்தகங்கள் இருக்கின்றன. இந்திய ஐ.ஐ.டி. நிறுவனங்கள் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களை இணையத்தில் இலவசமாகக் கேட்கலாம். அதன்பின் அதே துறையில் ஒரு படி மேலான பாடத்தை எடுத்து நன்றாகச் செய்தால், "முதலில் தடுமாறினாள், பிறகு தேறிவிட்டாள்" என்று மனுவைப் படிப்பவர்களே புரிந்துகொள்வார்கள். பரிந்துரைக் கடிதம் தரும் ஆசிரியரும் அதைச் சொல்ல முடியும்.

இன்னொரு செய்தி. சிங்கப்பூர் அரசின் கட்டண மானியம் பெற்றுப் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள், பட்டம் பெற்றபின் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றில் 3 ஆண்டுகள் வேலை செய்ய ஒப்பந்தம் செய்திருப்பார்கள். உடனே மேலே படிக்க விரும்பினால் அதை ஒத்திவைக்க அனுமதி கேட்க வேண்டும். இதை மனுச் செய்யும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே, மகளோ மகனோ இப்படிக் கேட்டால், "உன் இஷ்டம்" என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். "எத்தனை புள்ளி வாங்கினாய்?" என்றும் தொடங்காதீர்கள். "அந்தப் பாடம் இப்போது உனக்குப் புரிகிறதா? நீ போகப்போகிற படிப்புக்கு அது தேவையா?" என்று கேளுங்கள். இதைக் கேட்கப் பெற்றவர்கள் பல்கலைக்கழகம் போயிருக்க வேண்டியதில்லை. பிள்ளை அந்தக் கேள்விக்கு உண்மையாகப் பதில் சொல்லத் தொடங்கினாலே, செய்ய வேண்டியது என்னவென்று அவளுக்கே விளங்கிவிடும்.