கந்துக்கடன் வீட்டுப் பிள்ளை

 

"எல்லாம் வாங்கிக் கொடுத்திருக்கிறோம், பிள்ளைக்கு எதிலும் நாட்டமில்லை" என்பது இன்று பல இல்லங்களில் எழும் பெருமூச்சு. தனி அறை, கைப்பேசி, பயிற்சி வகுப்புக்குச் செல்ல மகிழுந்து என யாவும் உள்ளன. பதினாறு வயது மைந்தனோ படுக்கையை விட்டு எழ மனமின்றிக் கிடக்கிறான். பெற்றோர் உடனே வசதியின்மீது பழி சுமத்துகின்றனர். "நாங்கள் சிம்னி விளக்கில் படித்தோம்" என்னும் பழங்கதையும் தொடங்கிவிடுகிறது. அக்கதையைக் கேட்டு எழுந்து அமர்ந்த பிள்ளை அரிது.

வசதிதான் குற்றவாளியா? திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணி இருவரைக் காட்டுகிறது. ஏமாங்கத நாட்டு வேந்தன் சச்சந்தன், விசயையின்பால் கொண்ட காதலில் மூழ்கி, ஆட்சிப் பொறுப்பை அமைச்சன் கட்டியங்காரனிடம் ஒப்படைத்தான். அறிந்தோர் தடுத்தும் கேட்டிலன். நாட்டை இழந்தான், உயிரையும் இழந்தான். அவன் மகன் சீவகன் சுடுகாட்டில் பிறந்து, பெருவணிகன் கந்துக்கடன் இல்லத்தில் வளர்ந்தான். அங்கும் செல்வத்துக்குக் குறைவில்லை. ஆயினும் மகன் தந்தையைப் போல ஆகவில்லை. செல்வம் இருவர்க்கும் பொது. தன் கடமையைப் பிறர் கையில் விட்டதே தந்தையை வீழ்த்தியது.

இன்றோ பிள்ளையின் கடமைகளைப் பெற்றோரே வாங்கிக்கொள்கின்றனர். புத்தகப் பையை அடுக்குபவர் தாய். விண்ணப்பத்தை நிரப்புபவர் தந்தை. தவறு நேர்ந்தால் ஆசிரியரிடம் மன்னிப்புக் கேட்பவரும் அவர்களே. அன்பினால் செய்வதாயினும் இது கட்டியங்காரன் வேலைதான். சொல் கடிது, பொறுத்தருள்க.

அச்சணந்தி ஆசிரியர் செய்தது வேறு. கலைகளையெல்லாம் கற்பித்து முடித்த பின்னரே, யாரோ ஒருவர் வரலாறு போலச் சச்சந்தன் கதையைச் சீவகனுக்குக் கூறினார். அக்கதையின் மகன் தானே என்று அறிந்ததும் அவன் மயங்கி வீழ்ந்தான். தெளிந்தபின் சினந்து எழுந்தான். அப்போது ஆசிரியர் ஒன்றை வேண்டினார்: ஓராண்டு வரை கட்டியங்காரன்மேல் சினந்து செல்லலாகாது. சீவகனும் இசைந்தான்.

இன்றைய தந்தையர் பலர் இல்லத்தின் உண்மை நிலையைப் பிள்ளைக்குச் சொல்வதில்லை. ஊரில் நிலம் விற்றுக் கட்டணம் கட்டியது, கடைக்கு வாங்கிய கடன், தாத்தாவின் மருத்துவச் செலவு ஆகியவற்றைக் கதவைச் சாத்திக்கொண்டே பேசுகின்றனர். பிள்ளை கலங்குவானாம். கலங்கட்டுமே! சீவகனும் மயங்கித்தான் வீழ்ந்தான். ஆனால் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லும் உண்மை வெறுப்பையே வளர்க்கும். வரவு செலவுக் குறிப்பேட்டை அவன் கையில் தந்து, "இந்த மாதக் கணக்கை நீ பார்" என்று சொல்வது வேறு.

ஓராண்டுப் பொறுமையும் எண்ணத்தக்கது. அச்சணந்தி மறுக்கவில்லை, காலம் குறித்தார். மோட்டார் சைக்கிள் கேட்கும் மகனுக்கு மறுநாளே வாங்கித் தருவோரும் உளர். கேட்டதற்கே சினப்போரும் உளர். "அடுத்த ஆண்டு" என்று சொல்லி, சொன்ன சொல்லைக் காப்போர் சிலரே.

வாக்குத் தந்த சீவகன் வாளா இருந்தானல்லன். வேடர் ஆனிரையைக் கவர்ந்தனர். அரசன் படை சென்று தோற்றது. சீவகன் நிரையை மீட்டான். பரிசாக வந்த நந்தகோன் மகள் கோவிந்தையைத் தோழன் பதுமுகனுக்கு மணம் முடித்தான். அவனை எழுப்பியது பரிசன்று, ஆயர்களின் இழப்பு. மதிப்பெண்ணுக்குக் கைக்கடிகாரம் பேரம் பேசுவோர் இவ்விடத்தைச் சற்றே நின்று படிக்கலாம்.

பிள்ளை எழாவிட்டால் ஒருவர்க்கு இழப்பு உண்டு என்னும் நிலை இல்லத்திலேயே அமையக்கூடும். பொழுது சாயுமுன் உண்ணும் நோன்பை முதியோர் இன்றும் காத்து வருகின்றனர். வாரத்தில் இரு நாள் பாட்டியின் மாலை உணவு பேரனின் பொறுப்பாகட்டும். தண்ணீரை வடிகட்டுவதும், சோறு வடிப்பதும், கதிரவன் மறையுமுன் இலையிடுவதும் அவன் வேலை. அவன் மறந்தால் அன்றிரவு பாட்டிக்கு உணவில்லை. தாய் குறுக்கே புகுந்து பரிமாறலாகாது.

இதைப் பாட்டியிடமே கேட்டுப் பார்க்கலாம். எத்தனையோ உபவாசம் இருந்தவர் ஓரிரவுப் பட்டினிக்கு அஞ்சப்போவதில்லை. பேரன் வியர்த்து விறுவிறுத்துத் தட்டுடன் வந்து நிற்பதைக் காண்பதற்காகவே அவர் உடன்படுவார்.