"வாப்பாகிட்ட சொல்லிருவேன்"

(புதிய கல்வியாண்டு தொடங்குவதற்கு முன் நடந்த பெற்றோர் சந்திப்பில் எங்கள் கல்வி உதவிக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



அன்பான பெற்றோர்களே, பெரியோர்களே! அஸர் தொழுகை முடிந்த கையோடு வீட்டு வேலையையும் கடை வேலையையும் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அல்ஹம்துலில்லாஹ். உங்கள் நேரத்தை வீணாக்காமல் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறோம்.

ஒவ்வொரு வருடமும் கல்வி உதவி கேட்டு வரும் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் உட்கார வைத்துப் பேசுவது எங்கள் வழக்கம். மதிப்பெண் பட்டியல், கட்டண ரசீது, ரேஷன் கார்டு என்று காகிதங்களைப் பார்ப்பதற்குத்தான் அந்தச் சந்திப்பு. ஆனால் காகிதமெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் உண்மையான பேச்சே தொடங்கும். பிள்ளை எழுந்து வெளியே போனதும் உம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீங்க கொஞ்சம் அவனுக்குப் புத்தி சொல்லுங்களேன், நான் சொன்னா காதுலயே வாங்க மாட்டேங்கிறான்" என்பார். பிறகு பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால், "வீட்ல நான் சொல்றத யாரும் காதுல வாங்க மாட்டேங்கிறாங்க" என்பான். ஒரே வீடு, ஒரே புகார்!

சண்டை எதற்காக என்று கேட்டால் பெரிய காரணம் எதுவும் இருக்காது. சுபுஹுக்கு எழுந்திருக்கவில்லை. சாப்பிடும்போதும் கைப்பேசியைப் பார்க்கிறான். வீட்டில் ஆக்கியதைச் சாப்பிடாமல் கடையில் பரோட்டா தின்றுவிட்டு வருகிறான். முடியை ஒரு தினுசாக வெட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். கதவைச் சாத்திக்கொண்டு தோழியோடு பேசுகிறாள். இவ்வளவுதான். ஆனால் இந்தச் சில்லறைச் சண்டைகள் நாள்தோறும் சேர்ந்து எங்கே போய் நிற்கின்றன என்பதையும் நாங்கள் பார்க்கிறோம். வாப்பாவோடு பேச்சை நிறுத்தி மாதக்கணக்காகிவிட்ட பையன்கள் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பு நிறுத்தப்பட்ட பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால்தான் இன்றைக்கு இதைப் பேசுகிறோம்.

முதலில் சுபுஹுச் சண்டை. 13 முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் தேவை என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. இந்த வயதில் உடம்பின் கடிகாரமே கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப் போகிறது. சின்ன வயதில் இஷாவுக்கு முன்பே தூங்கி விழுந்த பிள்ளைக்கு இப்போது 11 மணி வரை தூக்கம் வராது. அது திமிர் அல்ல, வளர்ச்சி. வராத தூக்கத்துக்குத் துணையாகக் கைப்பேசியும் கையில் இருந்துவிட்டால் மணி 1 ஆகிவிடும். அப்படிப்பட்ட பிள்ளையை 5 மணிக்கு எழுப்பினால் எப்படி எழுந்திருப்பான்? ஆகவே சுபுஹுச் சண்டையைத் தீர்க்க வேண்டிய நேரம் முந்தின இரவுதான். வீட்டில் உள்ள எல்லாக் கைப்பேசிகளும் 10 மணிக்குக் கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜ் ஏறட்டும். எல்லாக் கைப்பேசியும் என்றால் உம்மாவுடையதும் வாப்பாவுடையதும் சேர்த்துத்தான். பெரியவர்கள் படுக்கையில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டு பிள்ளையிடம் மட்டும் பிடுங்கினால் அந்தச் சட்டம் ஒரு வாரம்கூடத் தாங்காது.

அடுத்து, கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியது, நம் ஊருக்கே உரிய ஒரு சங்கதி. நம்மில் பாதி வீடுகளில் வாப்பா சபரில் இருக்கிறார். பிள்ளை சொல் கேட்காதபோது உம்மாவின் கையில் இருக்கும் கடைசி ஆயுதம் ஒன்றுதான்: "இரு, வாப்பாகிட்ட சொல்லிருவேன்."

சொல்லியும் விடுகிறார். எப்போது? ரியாத்தில் வேலை முடிந்து, அறைக்கு வந்து, குளித்துச் சாப்பிட்டு அவர் கைப்பேசியை எடுக்கும்போது அங்கே இரவு 9 மணி. இங்கே 11.30. உம்மா நாள் முழுவதும் சேர்த்து வைத்ததை எல்லாம் கொட்டுகிறார். அரைத் தூக்கத்தில் இருக்கும் பிள்ளையின் கையில் கைப்பேசி கொடுக்கப்படுகிறது. திரையில் வாப்பாவின் களைத்துப் போன முகம். "என்னடா, உம்மா சொல்றதக் கேக்க மாட்டியாமே? நான் இங்க யாருக்காகக் கஷ்டப்படுறேன்?" இரண்டு நிமிடத்தில் விசாரணையும் முடிந்துவிடும், தீர்ப்பும் வந்துவிடும். பிள்ளைக்குப் பேச வாய்ப்பில்லை. பேசினாலும் அறையில் உடன் தங்கியிருப்பவர்கள் கேட்டுக்கொண்டிருப்பதால் வாப்பாவுக்கும் மனம்விட்டுப் பேச முடியாது.

இப்படியே போனால் அந்தப் பிள்ளைக்கு வாப்பா என்றால் யார்? திட்டுவதற்காக மட்டும் திரையில் வரும் ஒருவர். கைப்பேசி ஒலித்தாலே குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்ளும் பிள்ளைகளைப் பற்றி உம்மாக்களே எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் அந்த மனிதர் இரும்புக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, என் மகன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லையே என்று மருகிக்கொண்டிருப்பார். இருவர் மீதும் குற்றமில்லை. பேசும் நேரமும் முறையும்தான் சரியில்லை.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விடுமுறையில் வரும்போது இன்னொரு சிக்கல். போன தடவை தோளுக்குக் கீழே நின்ற பையன் இந்தத் தடவை தலைக்கு மேலே நிற்கிறான், மீசை அரும்பிவிட்டது. வாப்பாவின் மனதில் இருப்பதோ விமான நிலையத்தில் அழுதுகொண்டு வழியனுப்பிய பிள்ளை. இரண்டு வருடத்தில் திருத்த வேண்டியதை எல்லாம் 40 நாள் விடுமுறைக்குள் திருத்திவிட நினைக்கிறார். முடி, உடை, கூட்டாளிகள் என்று ஒவ்வொன்றாகத் தொடங்குகிறார். பெட்டி பிரித்த மறுநாளே வீட்டில் சத்தம். நாங்கள் சபராளிச் சகோதரர்களிடம் சொல்வது: முதல் பத்து நாள் எதையும் திருத்தாதீர்கள். அவனோடு மீன் வாங்கப் போங்கள், கடற்கரைக்குப் போங்கள், அவன் கூட்டாளிகளை வீட்டுக்கு அழைத்து ஒரு வேளை பிரியாணி போடுங்கள். யார் யாரோடு சுற்றுகிறான் என்பது விசாரிக்காமலே தெரிந்துவிடும்.

அதேபோல் அழைப்பின் நேரத்தை மாற்றுங்கள். வெள்ளிக்கிழமை மாலை நமக்கு 5 மணி என்றால் ரியாத்தில் பகல் 2.30. ஜும்ஆ முடிந்து, சாப்பிட்டு, அவர் ஓய்வாக இருப்பார். பிள்ளையும் பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பான். அந்த அழைப்பு பிள்ளைக்கே உரியதாக இருக்கட்டும். அதில் புகார் வேண்டாம். புகார் இருந்தால் கணவரிடம் தனியாகச் சொல்லுங்கள், வேறு நேரத்தில். இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். எதற்கெடுத்தாலும் வாப்பாவின் பெயரைச் சொல்லி மிரட்டும் உம்மா, தன் சொல்லுக்கு மதிப்பில்லை என்று தானே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறார். வீட்டை நடத்துவது நீங்கள். அந்த அதிகாரத்தைக் கணவர் பிள்ளைகளுக்கு முன்னாலேயே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

சகோதரர்களே, பிள்ளையிடம் அபிப்பிராயம் கேட்பது தகப்பனின் மரியாதையைக் குறைத்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். வருடாவருடம் குர்பானி கொடுக்கிறோம். அந்தச் சம்பவத்தை சூரா அஸ்ஸாஃப்ஃபாத்தில் ஓதுகிறோம். இப்ராஹீம் (அலை) அவர்களுக்குக் கனவில் வந்தது இறைவனின் கட்டளை. அதில் யோசனை கேட்க இடமே இல்லை. அப்படியிருந்தும் அவர்கள் மகனிடம் கனவைச் சொல்லி, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டார்கள். அவ்வளவு பெரிய விஷயத்திலேயே மகனின் வாயால் பதில் கேட்கப்பட்டதென்றால், பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுப்பது என்பதில் நம் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? கணக்குப் பதிவியல் படிக்க ஆசைப்பட்ட பிள்ளையை உயிரியல் பிரிவில் உட்கார வைத்துவிட்டு, பிறகு பாடத்தில் தவறிவிட்டான் என்று அடிப்பதால் என்ன பயன்? பிளஸ் டூவில் தவறினாலும் அதே ஆண்டில் துணைத் தேர்வு உண்டு, ஒரு வருடம் வீணாகாது. ஆனால் தேர்வு முடிவு வரும் நாளில் வீட்டில் சொல்லப்படும் ஒரு வார்த்தை பிள்ளையின் உயிரையே பறித்துவிடலாம். அந்தச் செய்திகளை வருடந்தோறும் நாம் படிக்கிறோம். அன்றைக்குப் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். பிள்ளையின் பேச்சிலோ நடப்பிலோ பயம் தட்டினால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

இனி, பெண் பிள்ளைகளைப் பற்றி. நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களுடைய தகப்பனார் ஒரு மகனுக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்துவிட்டு அதற்கு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதேபோல் கொடுத்தீர்களா என்று நபியவர்கள் கேட்டார்கள். இல்லை என்றதும் சாட்சியாக இருக்க மறுத்துவிட்டார்கள். இந்த ஹதீஸை ஜும்ஆ மேடையில் எத்தனையோ தடவை கேட்டிருப்போம். வீட்டில் என்ன நடக்கிறது? காக்கா இரவு 11 மணிக்கு வந்தால் சோறு சூடாக்கப்படுகிறது. தங்கை டியூஷனிலிருந்து பத்து நிமிடம் பிந்தினால் கேள்வி மேல் கேள்வி. அவள் கைப்பேசியைக் காக்கா எடுத்துப் பார்க்கலாம், அவன் கைப்பேசியை யாரும் தொடக் கூடாது.

இதில் வெறும் மனத்தாங்கல் மட்டும் இல்லை, ஆபத்தும் இருக்கிறது. கைப்பேசியில் ஏதோ ஒரு குறுஞ்செய்தி கண்ணில் பட்டவுடன் "நாளையிலிருந்து பள்ளிக்கூடம் கிடையாது, மாப்பிள்ளை பார்" என்று முடிவெடுக்கும் வீடுகள் இருக்கின்றன. 18 வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் செய்து வைப்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 2 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். பெற்றோரும் அதில் அடக்கம். அது ஒருபுறம் இருக்கட்டும். இதைவிட முக்கியமானது ஒன்று. யாரோ ஒருவன் அவள் படத்தை வைத்துக்கொண்டு மிரட்டுகிறான் என்று வையுங்கள். வீட்டில் சொன்னால் படிப்பு நின்றுவிடும் என்று தெரிந்த பிள்ளை வாயைத் திறக்குமா? மிரட்டுகிறவனுக்கு அந்தப் பயம்தான் மூலதனம். ஆகவே இன்றே, எதுவும் நடக்காதபோதே, மகளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்: "எது நடந்தாலும் என்கிட்ட சொல்லு, உன் படிப்பு நிக்காது." சொன்னால் அதைக் காப்பாற்ற வேண்டும். வீட்டில் சொல்லவே முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்காக 1098 என்ற எண் இருக்கிறது. அதை அவர்களுக்கும் தெரியப்படுத்துங்கள்.

பைக் விஷயத்தில் மட்டும் எந்தப் பேச்சுவார்த்தையும் வேண்டாம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டியோடு பிடிபட்டால் பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடையாது. ரமலானில் தராவீஹ் முடிந்து சஹர் வரை தெருவில் வண்டி ஓட்டுகிறார்களே, அதற்கும் இதுதான் சட்டம். சாவியை எடுத்து உள்ளே வையுங்கள். கோபித்துக்கொண்டு இரண்டு வேளை சாப்பிடாவிட்டாலும் பரவாயில்லை.

பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. முதுமையடைந்த பெற்றோரை "உஃப்" என்றுகூடச் சொல்லக் கூடாது என்று குர்ஆன் சொல்வது உங்களுக்குத் தெரியும். உங்கள் உம்மா இன்னும் முதுமை அடையவில்லை என்று நீங்கள் வாதாடலாம்; வேண்டாம். படாரென்று கதவைச் சாத்துவதும், பேசிக்கொண்டிருக்கும்போதே காதில் இயர்போனைச் செருகுவதும் இந்தக் காலத்து "உஃப்"தான். பேச முடியாத அளவுக்குக் கோபம் வந்தால், "உம்மா, அப்புறமா பேசுறேன்" என்று சொல்லிவிட்டு நகருங்கள். போய் ஒளுச் செய்யுங்கள்.

இதைக் கேட்டு முன்வரிசையில் தலையாட்டும் பெற்றோர் கொஞ்சம் பொறுங்கள். அனஸ் (ரலி) அவர்கள் பத்து வயதுச் சிறுவராக நபி (ஸல்) அவர்களிடம் பணிவிடைக்கு வந்தார்கள். பத்து ஆண்டுகள் இருந்தார்கள். அதாவது நாம் இன்று பேசிக்கொண்டிருக்கும் இந்த வயது முழுவதும் நபியவர்களின் வீட்டில்தான் கழிந்தது. அந்தப் பத்து ஆண்டுகளில் நபியவர்கள் தம்மை ஒருமுறைகூட "உஃப்" என்று சொன்னதில்லை, இதை ஏன் செய்தாய் என்று கடிந்ததில்லை என்று அவர்களே அறிவித்திருக்கிறார்கள். பிள்ளைக்கு விலக்கப்பட்ட அதே சொல்லைப் பெரியவரும் சொல்லவில்லை. முதல் செய்தி பெற்றோர் எல்லாருக்கும் மனப்பாடம். இரண்டாவதை அவ்வளவாக யாரும் எடுத்துச் சொல்வதில்லை!

வரும் மூன்று சனிக்கிழமைகளிலும் மஃரிபிலிருந்து இஷா வரை குழுவினர் அறக்கட்டளை அலுவலகத்தில் இருப்போம். பிள்ளையோடு வாருங்கள், தனித்தனியாகவும் பேசலாம், சேர்ந்தும் பேசலாம். பெண் பிள்ளைகளிடம் பேசுவதற்கு இரண்டு ஆசிரியைகள் வருகிறார்கள். பேசியது வெளியே போகாது. பதினோராம் வகுப்புச் சேர்க்கைக்கு வருகிறவர்கள் மதிப்பெண் பட்டியலின் நகலோடு வாருங்கள், எந்தப் பிரிவு படித்தால் எந்தப் படிப்புக்குப் போகலாம் என்ற பட்டியல் எங்களிடம் இருக்கிறது. சபரில் இருக்கும் வாப்பாமார் அந்த நேரத்தில் கைப்பேசியில் சேர்ந்துகொள்ளலாம். ரியாத்தில் அப்போது பிற்பகல்தான், வேலையிடத்தில் முன்கூட்டியே சொல்லி அரை மணி நேரம் கேட்டு வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.