குறைமாதக் குழந்தையும் அயலூர்க் குடும்பமும்

(சங்கத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுவிழா மேடையில் சிலம்பும் குறளும் பேசுவதே வழக்கம். அதற்கு மாறாக, மாதம் நிறையுமுன் பிறந்துவிட்ட குழந்தையையும், அதனை ஏந்திக்கொண்டு வீடு திரும்பும் பெற்றோரையும் பற்றிப் பேசத் துணிந்தோம். நாம் மருத்துவர் அல்லோம். ஆயினும் சித்தூரிலும் திருப்பதியிலும் பிழைப்பின் பொருட்டு வந்து குடியேறிய நம் போன்றார்க்கு இப்பொருள் சிலம்பினும் சற்று அவசரமானது என்று எண்ணுகிறோம்.

ஏனெனில், நம் வழக்கம் யாது? ஏழாம் மாதத்தில் சீமந்தம், வளைகாப்பு. பின்னர்ப் பெண்ணைத் தாய்வீட்டிற்கு அழைத்துச் செல்வது. தஞ்சையோ, மதுரையோ, நெல்லையோ, அங்கே அம்மாவும் பாட்டியும் அத்தையும் இருப்பார்கள். வெந்நீர் வைப்பதற்கும் மருந்து அரைப்பதற்கும் ஆள் உண்டு. நாள் பார்த்து, வண்டிக்குச் சீட்டும் எடுத்து வைத்திருப்போம். குழந்தையோ நம் நாளையும் சீட்டையும் அறியாது. அயலூரிலேயே, யாருமில்லாத வேளையில், முப்பது வாரத்திலோ முப்பத்திரண்டு வாரத்திலோ வந்து விடுகிறது. அப்பொழுது அக்குடும்பத்திற்குத் தாய்வீடு எது?

இவ்வினாவை நமக்கு முன்பே இம்மண்ணில் எதிர்கொண்ட அயலார் உண்டு. அமெரிக்காவிலிருந்து 1819-இல் மனைவி ஹாரியட்டுடனும் சிறு மகளுடனும் கப்பலேறிய டாக்டர் ஜான் ஸ்கடர், ஈழத்து யாழ்ப்பாணத்தை அடையுமுன்பே கல்கத்தாவில் அம்மகளைப் பறிகொடுத்தார். பெற்ற தாய் தந்தையர் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால். கடிதம் போய்ச்சேரவே பல மாதம். அக்குடும்பம் துவண்டு திரும்பவில்லை. அவருடைய மைந்தர்கள் 1853-இல் ஆர்க்காடு மிஷனைத் தொடங்கியபோது அதன் முதல் நிலையங்களுள் ஒன்றாக அமைந்தது இச்சித்தூரே. சித்தூர் அந்நாளில் வடஆர்க்காட்டைச் சேர்ந்தது. தனி மாவட்டமானது 1911-இல்தான். அவர்களுடைய சமயத்தைப் பற்றிப் பேச நாம் இங்கு வரவில்லை. ஊரும் உறவும் அற்ற இடத்தில் பிள்ளை வளர்த்தவர்கள் என்ற அளவிலேயே அவர்களை நினைக்கிறோம்.

அக்குடும்பத்துப் பேத்தியே ஐடா ஸ்கடர். 1890-களில் திண்டிவனத்தில் ஓரிரவில் மூன்று பெண்கள் பேறுகால வேதனையில் துடித்தார்கள். ஆண் மருத்துவரை அனுமதியாத வீட்டார், மருத்துவம் கற்றிராத இளம்பெண்ணான ஐடாவை அழைத்தார்கள். விடிவதற்குள் மூவரும் மாண்டனர். அதன்பின் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று 1900-இல் திரும்பிய அவ்வம்மையார், 1902-இல் வேலூரில் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையைத் திறந்தார்; 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். சித்தூரிலிருந்து வேலூர் ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர். இன்றும் சித்தூர்த் தாய்மார் பலர் இடர் நேர்ந்தால் ஒன்று தெற்கே வேலூருக்குப் போகிறார்கள். இல்லையேல் வடக்கே எழுபது கிலோமீட்டர் கடந்து திருப்பதிக்குப் போகிறார்கள்.

நிற்க. குறைமாதம் என்பது யாது? கருவுற்ற காலம் நாற்பது வாரம். முப்பத்தேழு வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதப் பிறப்பு. 2020-ஆம் ஆண்டில் உலகில் இவ்வாறு பிறந்த குழந்தைகள் சுமார் ஒரு கோடியே முப்பத்துநான்கு இலட்சம். அவற்றுள் ஏறத்தாழ முப்பது இலட்சம் நம் நாட்டில் பிறந்தவை. ஆகவே இது எவரோ ஒருவர் வீட்டு ஊழ்வினை அன்று. பெற்றவள் செய்த குற்றமும் அன்று. மாடிப்படி ஏறினாள், பப்பாளி தின்றாள் என்று அவளைச் சுற்றி நின்று முணுமுணுக்கும் வழக்கத்தை நாம் விட்டொழித்தல் வேண்டும். பல வேளைகளில் காரணம் மருத்துவருக்கே புலப்படுவதில்லை.

மற்றொரு பழங்கொள்கை: "ஏழாம் மாதத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது" என்பது. பண்டைக் கிரேக்கரும் இதையே நம்பினர் என்பது வியப்பு. இது முற்றும் தவறு. கருப்பையில் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு வலிமை சேர்க்கிறது. எட்டாம் மாதக் குழந்தை என்று கேட்டவுடன் முகத்தைச் சுருக்கிக்கொள்ளும் முதியோர், அத்தாயின் நெஞ்சில் என்ன விதைக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இக்குழந்தைகளை முதலில் வாட்டுவது மூச்சு. நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாதவாறு காக்கும் ஒரு வழவழப்புப் பொருள் கடைசி வாரங்களில்தான் போதிய அளவு சுரக்கிறது. அப்பொருட்குறையே மூச்சுத்திணறலுக்குக் காரணம் என்று 1959-இல் மேரி எல்லன் ஏவரி, ஜியர் மீட் என்ற இருவர் கண்டறிந்தனர். கண்டறிந்தும் மருந்து கைக்கு வரவில்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் மகன் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்து, இரண்டு நாளில் இந்நோயால் இறந்தான். உலகின் தலைசிறந்த மருத்துவர்கள் சூழ நின்றும் அன்று இயலவில்லை. 1972-இல் நியூசிலாந்தைச் சேர்ந்த லிகின்ஸ், ஹோவி என்போர் ஓர் எளிய வழியை மெய்ப்பித்தனர்: முந்திப் பிள்ளைபெறும் நிலையிலுள்ள தாய்க்கே ஊசி போட்டால், கருவிலுள்ள நுரையீரல் விரைந்து முதிர்கிறது. அவ்வூசியின் முழுப்பயன் கிட்ட ஏறத்தாழ ஒரு நாள் தேவை.

இதனை நாம் வலியுறுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. மாதம் நிறையுமுன் வலி கண்டதும் நம்மவர் முதலில் செய்வது என்ன? "அம்மா வீட்டுக்கே போய்விடுவோம்" என்று இரவு வண்டி பிடிப்பது. இது பெரும்பிழை. அந்த இரவுதான் ஊசிக்கு உரிய இரவு. இரயில் பெட்டியிலோ பேருந்திலோ அதனைக் கழிக்கலாகாது. 108 வண்டியை அழைத்து, பச்சிளங்குழந்தைப் பிரிவுள்ள மருத்துவமனைக்கு நேரே செல்ல வேண்டும். தாயின் வயிற்றில் இருக்கும்போதே குழந்தையை இடம் மாற்றுவது, பிறந்தபின் மாற்றுவதைக் காட்டிலும் நலம். அரசு மருத்துவமனைகளில் இத்தகைய சிசுக்களுக்கான மருத்துவத்தை 2011-இல் தொடங்கிய சனனி சிசு சுரட்சா திட்டம் கட்டணமின்றி வழங்குகிறது. நோயுற்ற சிசுவுக்கு வண்டி வசதியும் அதில் அடங்கும்.

சரி, குழந்தை பிறந்துவிட்டது. "பெட்டியில் வைத்திருக்கிறார்கள்" என்று உறவினருக்குச் செய்தி போகிறது. அப்பெட்டியின் கதையும் சுவையானதே. பாரிஸ் நகர மருத்துவர் தார்னியே, அங்குள்ள விலங்குக் காட்சிச் சாலையில் கோழிக்குஞ்சு பொரிக்கும் வெப்பப் பெட்டியைக் கண்டு, அதனைச் செய்தவரைக் கொண்டே 1880-இல் சிசுக்களுக்கும் பெட்டி அமைத்தார். நல்லதே. ஆனால் பெட்டி வந்தபின் தாய் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தப்பட்டாள். அவள் மீண்டும் உள்ளே அழைக்கப்பட ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகர மருத்துவமனையில் பெட்டிகள் போதாமல், ஒரு பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைக் கிடத்தி, தொற்றுநோயால் பலவற்றை இழந்துகொண்டிருந்த நிலையில், எட்கார் ரே என்னும் மருத்துவர் குழந்தையைத் தாயின் மார்போடு தோல்மீது தோல் படுமாறு அணைத்துக் கட்டச் செய்தார். கங்காரு முறை என்று பெயர் பெற்றது இதுவே. வறுமையினால் பிறந்த வழி என்று முதலில் பலர் இதனை எள்ளினர். 2021-இல் வெளியான ஆய்வொன்றில், தில்லி சப்தர்ஜங் மருத்துவமனை உள்ளிட்ட ஐந்து இடங்களில் 3,211 குழந்தைகளைக் கவனித்தனர். நிலை சீராகும்வரை காத்திராமல், பிறந்தவுடனேயே தாயின் அணைப்பில் வைத்த குழந்தைகளுள் 28 நாட்களுக்குள் இறந்தோர் நூற்றுக்குப் பன்னிருவர். வழக்கப்படி பார்த்த குழந்தைகளுள் ஏறத்தாழப் பதினறுவர். மறு ஆண்டே உலக சுகாதார நிறுவனம் இதனைப் பரிந்துரைத்தது.

அணைப்பது தாயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தந்தையும் அணைக்கலாம், பாட்டியும் அணைக்கலாம். சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு மணிநேரம் அசையாது சாய்ந்திருக்கக் கூச்சப்படும் ஆடவரைக் கண்டிருக்கிறோம். அலுவலகத்தில் எட்டு மணிநேரம் அசையாதிருக்கும் அவர்களுக்கு இது ஒன்றும் அரிதன்று.

அடுத்தது பால். முப்பத்துநான்கு வாரத்திற்கு முற்பட்ட குழந்தைக்கு உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் மூன்றும் ஒருங்கே கைவருவதில்லை. ஆகவே முதலில் மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ செலுத்திய குழாயில் தாய்ப்பால் ஊட்டுவர், பின்னர்ப் பாலாடையால். ஆம், நம் பாட்டிமார் பித்தளையிலும் வெள்ளியிலும் வைத்திருந்த அதே பாலாடைதான்! இன்று இந்தியப் பச்சிளங்குழந்தை மருத்துவ நூல்கள் ஆங்கிலத்திலேயே 'பாலாடை' என்று அதனை எழுதுகின்றன. தில்லியில் பயிலும் செவிலியும் அச்சொல்லையே சொல்லுகிறாள். புட்டியைக் காட்டிலும் கழுவ எளிது; வேகவைத்துத் தூய்மை செய்ய எளிது; குழந்தை தன் வேகத்தில் நக்கிப் பருகலாம். தமிழ் எங்கெல்லாம் வாழ்கிறது என்று மேடைகளில் தேடுகிறோமே, மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஒரு தமிழ்ப் பாத்திரம் ஓசையின்றி வாழ்வதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் பாலாடையில் ஊற்றப் பால் வேண்டும். குழந்தை வாய் வைக்காத மார்பில் பால் வற்றிவிடும். ஆதலின் தாய் இரவும் பகலும் இரண்டு மூன்று மணிக்கொருமுறை பாலைக் கறந்தெடுக்க வேண்டும். இதுவே இக்கதையின் கடினமான பகுதி என்பது நம் கருத்து. வீடு சித்தூரில், குழந்தை திருப்பதியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய் தானே இன்னும் தேறாதவள். மூத்த பிள்ளை பள்ளி செல்ல வேண்டும். தந்தை இரு ஊருக்கும் இடையே பேருந்தில் அலைகிறார். செவிலி தெலுங்கில் சொல்லுவதில் பாதி விளங்கவில்லை. "பருவு" என்றால் எடை என்பதும், "வெச்சகா" என்றால் கதகதப்பாக என்பதும் அறியாத தாய் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்து அழுகிறாள். (தெலுங்கில் மாதத்திற்குப் பெயர் 'நெல', நிலவுக்கும் அதுவே பழம்பெயர். நம் 'திங்கள்' போலவே. இரு மொழியும் பிள்ளைப்பேற்றை நிலாவைக் கொண்டே எண்ணியிருக்கின்றன.) இத்தகைய வேளையில் நம் சங்கத்திலிருந்து தெலுங்கு நன்கறிந்த ஓர் அம்மையார் உடன் சென்று நின்றால், அது ஆயிரம் வாழ்த்துரைக்குச் சமம். மூத்த பிள்ளைக்கு ஒருவர் வீட்டில் உணவு, மற்றொருவர் வீட்டில் உறக்கம் என்று முறை வைத்துக்கொள்வது காலனியில் இயலாததன்று.

பின்னர் ஒருநாள் மருத்துவர், "அழைத்துச் செல்லலாம்" என்கிறார். எடை சில நாளாக ஏறிவருகிறது. வாயால் பால் குடிக்கிறது. உடற்சூடு தானே நிலைக்கிறது. அவ்வளவுதான் அதன் பொருள். மற்றக் குழந்தைகளுக்கு நிகராகிவிட்டது என்பது பொருளன்று. மருத்துவமனையில் இயந்திரம் மூச்சை எண்ணியது. வீட்டில் எண்ணுவார் யார்? பல தாய்மார் அம்முதல் வாரத்தில் உறங்குவதே இல்லை; குழந்தையின் மூக்கருகே விரல் வைத்து வைத்துப் பார்க்கிறார்கள். சிலர் காரணமின்றி அழுகிறார்கள். சிலர் குழந்தையிடமே அன்பு சுரக்கவில்லையே என்று தம்மை வெறுக்கிறார்கள். இதுவும் பேற்றின் பின் வரும் நோயே. வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டியதே. "பிள்ளைதான் பிழைத்துவிட்டதே, இன்னும் ஏன் அழுகிறாய்?" என்று கேட்பது ஆறுதல் ஆகாது.

அண்டை வீட்டார் அன்பு மிகுதியால் செய்யும் தீங்குகளையும் சொல்லியாக வேண்டும். கும்பலாகச் சென்று குழந்தையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்க்கலாகாது. இருமலும் சளியும் உடையோர் வாயிலிலேயே நலம் விசாரித்துத் திரும்புக. சாம்பிராணிப் புகை வேண்டா. அந்நுரையீரல் பட்டபாடு போதும். தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், வசம்பு எதுவும் வேண்டா. தாய்ப்பாலும் மருத்துவர் எழுதித் தந்த மருந்துமே போதும். நாள்தோறும் குளிப்பாட்டி எண்ணெய் வழித்துக் காலில் போட்டு உருவும் கலையை அப்பிஞ்சு உடலில் காட்ட வேண்டா. செய்ய வேண்டியது வேறு: சமைத்த உணவை வாயிலில் வைத்துவிட்டு வருதல், துணி துவைத்துத் தருதல், தாய் இரண்டு மணிநேரம் உறங்கும்வரை ஒருவர் கைகழுவி அமர்ந்து குழந்தையை மார்பில் அணைத்திருத்தல்.

கண்ணைப் பற்றி ஒன்று. 1940-களிலும் 1950-களின் தொடக்கத்திலும் மேலை நாடுகளில் குறைமாதக் குழந்தைகளுக்கு வரம்பின்றி உயிர்வளி செலுத்தியதால் சுமார் பதினாயிரம் குழந்தைகள் பார்வை இழந்தன. இன்று அளந்தே தருகிறார்கள். எனினும் விழித்திரையின் முற்றாத குருதிக்குழாய்கள் தாறுமாறாக வளர்வது முற்றும் நீங்கவில்லை. வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. முப்பத்துநான்கு வாரத்திற்கு முன்னரோ இரண்டு கிலோவிற்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு, பிறந்த முப்பது நாளுக்குள் விழித்திரை மருத்துவர் கண்ணைச் சோதித்தாக வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாக. வீடு திரும்பிய மகிழ்ச்சியிலும், பெயர் சூட்டும் ஏற்பாட்டிலும் இந்த நாள் தவறிப்போவது உண்டு. உரிய நாளில் கண்டால் பார்வையைக் காக்க மருத்துவம் உண்டு. நாள் கடந்தால் இல்லை. காலனியில் இத்தகைய குழந்தை வந்திருப்பதை அறிந்தோர் "கண் பார்த்தாயிற்றா?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். திருமலைக்கு முடியிறக்கும் நேர்த்திக்கடனைச் சற்றுப் பிந்திச் செலுத்தலாம், வேங்கடவன் பொறுப்பான்.

இறுதியாக வயதுக் கணக்கு. "நாலு மாதமாயிற்றே, இன்னும் குப்புறவில்லையே, எங்கள் பேரன் மூன்றிலேயே குப்புறித்தானே" என்ற பேச்சு காலனிக் கிணற்றடியில் இருந்து மொட்டைமாடிக்கு மாறியிருக்கிறதேயன்றி மறையவில்லை. இரண்டு மாதம் முந்திப் பிறந்த குழந்தைக்கு நான்காம் மாதத்தில் வளர்ச்சியளவில் இரண்டே மாதம். பிறக்க வேண்டிய நாளிலிருந்தே, ஏறத்தாழ இரண்டாண்டு வரை, குப்புறுவதையும் அமர்வதையும் நடப்பதையும் எண்ண வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் இக்கழிவு கிடையாது. அது பிறந்த நாளையே கொண்டு கணக்கிடப்படும். அட்டையை வீட்டு வாயிற்கதவின் உட்புறம் மாட்டிவைத்து, அந்தந்த நாளில் தவறாது போட்டுவிட வேண்டும்.