இடர் வந்த வேளையில் இறைவனை நோக்கி

(தோட்ட மக்களுக்கு ஆற்றிய உரையின் வாசகம்)



துன்பம் எட்டிப் பாராத வீடு உலகில் இல்லை. நோய் வருகிறது, ரப்பர் விலை சரிகிறது, மழை நீடித்தால் மரம் வெட்ட இயலாமல் வருவாய் குறைகிறது. அத்தகைய வேளைகளில் நம் மனம் எத்திசையில் திரும்புகிறது என்பதே இன்று நாம் சிந்திக்க வேண்டிய பொருளாகும்.

இதனை விளக்குவதற்கு, நம் அண்டை நாடாகிய சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்திற்கு உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். இன்று கடைகளும் சந்தையும் நிறைந்து விளங்கும் சிராங்கூன் சாலைப் பகுதி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாட்டுத் தொழுவங்களும் சுண்ணாம்புச் சூளைகளும் இருந்த இடமாகும். அங்கு உடல் வருந்த உழைத்த இந்தியத் தொழிலாளர் தம் மனத்துணையாகக் காளியன்னையை வழிபட்டனர். 1881ஆம் ஆண்டில் எழுந்த அவ்வழிபாட்டுத் தலமே இன்றைய ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயம். ‘சுண்ணாம்புக் கம்பத்துக் கோவில்’ என்று அக்கால மக்கள் அதனை வழங்கினர். தாய்மண்ணைப் பிரிந்து கடல் கடந்து வந்த கூலி மக்களின் ஏக்கத்தில் பிறந்த ஆலயம் அது. நம் தோட்டங்களில் லயத்துக்கு அருகே மரத்தடியில் கல் நட்டு மாரியம்மனை வழிபட்ட நம் முன்னோரின் கதையும் இதுவே அன்றோ?

1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் விடியுமுன், ஜப்பானிய விமானங்கள் சிங்கப்பூர் மீது முதன்முறையாகக் குண்டு வீசின. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் நகரம் வீழ்ந்தது. குண்டுகள் விழுந்த அந்நாள்களில் தேக்கா மக்கள் பலர் வீரமாகாளியம்மன் ஆலயத்தினுள் தஞ்சம் புகுந்தனர். ஆலயமும் அதன் திருவுருவங்களும் சேதமின்றித் தப்பின. அன்னை காத்தாள் என்று மக்கள் உள்ளம் உருகிக் கூறினர்.

ஆனால், தோழர்களே, அக்கதையை அத்துடன் முடித்துவிட்டால் பாதி உண்மையையே அறிந்தவர்களாவோம். அதன் பின்னர் மூன்றரை ஆண்டுக் காலம் பசியும் அச்சமும் மக்களை வாட்டின. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர் சயாம் இரயில் பாதை அமைக்கக் கொண்டு செல்லப்பட்டனர். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943இல் முடிவதற்குள் காலராவிற்கும் காய்ச்சலுக்கும் பட்டினிக்கும் இரையானோர் ஏராளம். மாண்டவர்கள் இறைவனை வேண்டாதவர்களா? அவர்களுடைய மனைவியரும் அன்னையரும் விளக்கேற்றித் தொழாதவர்களா? அப்படிக் கூற நமக்கு நா எழாது.

அப்படியாயின், இறைவனை நோக்கித் திரும்புவதால் விளையும் பயன் யாது? இரப்பர் மரத்தை அறிந்த உங்களுக்கு இதனை விளக்குதல் எளிது. கத்தி ஆழமாகப் பாய்ந்து மரத்தைக் காயப்படுத்தினால் அவ்விடம் முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிடும். பட்டைக்கும் மரத்திற்கும் நடுவிலுள்ள மெல்லிய உயிர்ப்படலம் சிதையாதிருந்தால், வெட்டிய இடத்தில் புதுப்பட்டை வளர்கிறது. சில ஆண்டுகளுக்குப் பின் அங்கேயே மீண்டும் பால் சுரக்கிறது. துன்பம் நம் வாழ்வை வெட்டத்தான் செய்யும். அவ்வெட்டு உயிர்ப்படலம் வரை பாயாமல் காப்பது இறைநம்பிக்கை. போர் முடிந்ததும், கையிலிருந்த ஜப்பானிய ‘வாழைமர நோட்டு’ செல்லாக் காசாயிற்று. ஆயினும் நம் மக்கள் மீண்டும் கத்தி எடுத்து மரத்தடிக்குச் சென்றனர், குழந்தைகளை வளர்த்தனர், ஆலயங்களுக்கு மீண்டும் திருவிழா எடுத்தனர். அந்த மனவலிமையைப் பணம் கொடுத்து வாங்க இயலுமோ?

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். துன்பம் வந்தவுடன் சிலர் கள்ளையும் சாராயத்தையும் நாடுகின்றனர். சிலர் குறி சொல்வோரிடம் பொருளை இழக்கின்றனர். இன்னும் சிலர் இறைவன் சந்நிதியிலேயே நின்று, பரிசு விழும் நான்கு இலக்க எண்ணைக் கேட்கின்றனர். வட்டிக்குக் கடன் வாங்கி ஆடம்பரமாக நேர்த்திக்கடன் செலுத்துவோரும் உளர். இவையெல்லாம் இறைவனை நோக்கித் திரும்பியதாகத் தோன்றினும், உண்மையில் குடும்பத்தை மேலும் இருளில் தள்ளுபவையே. பிள்ளையின் பள்ளிச் செலவைப் பறித்துச் செலுத்தும் காணிக்கையை எந்தத் தெய்வம் விரும்பும்?

உள்ளம் திரும்புவதற்குச் செலவு வேண்டுவதில்லை. 2020ஆம் ஆண்டில் கொள்ளை நோய் பரவியபோது இவ்வுண்மையை நாமே கண்டோம். மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டிலும், ஏப்ரல் 7ஆம் நாள் சிங்கப்பூரிலும் நடமாட்டக் கட்டுப்பாடுகள் நடைமுறைக்கு வந்தன. வழிபாட்டுத் தலங்கள் பக்தர்களுக்குத் தம் கதவுகளை அடைத்தன. போர்க்காலத்தில் அடைக்கலம் தந்த தேக்கா ஆலயத்திற்குள்ளும் மக்கள் செல்ல இயலவில்லை. அவ்வேளையில் வீட்டு மாடத்தில் எரிந்த சிறு விளக்கே பலருக்குக் கோவிலாயிற்று.

இறைப்பற்று எந்த ஒரு சமயத்தாருக்கும் தனியுரிமையன்று. அதே சிராங்கூன் சாலையில் அங்குலியா பள்ளிவாசலும் உள்ளது. தேக்காவை அடுத்துக் கிறித்துவத் தேவாலயங்களும் உள்ளன. நம் நாடு 1969ஆம் ஆண்டு மே மாதக் கலவரத்தால் துயருற்ற பின்னர், 1970 ஆகஸ்ட் 31ஆம் நாள் ருக்குன் நெகாரா பிரகடனம் செய்யப்பட்டது. அதன் ஐந்து கோட்பாடுகளில் இறைவன் மீது நம்பிக்கை வைத்தலே முதலாவதாக அமைந்திருப்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

எனவே, அன்பர்களே, நாள்தோறும் அந்தி வேளையில் கால் மணி நேரம் குடும்பத்தோடு அமர்ந்து வழிபடுங்கள். தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அவ்வேளை அணைத்து வையுங்கள். வழிபாடு முடிந்ததும், அண்டை வீட்டில் நோயுற்றோரோ வேலையிழந்தோரோ உளரா என்று கேட்டறிந்து, இயன்ற உதவியைச் செய்யுங்கள். இடர் நீங்கிய பின்னரும் இப்பழக்கத்தைக் கைவிடாதீர்கள். வெயில் வந்ததும் குடையை மறப்பதுபோல் இறைவனை மறப்போர்க்கு, அடுத்த மழையில் ஒதுங்க இடம் தேடுவது கடினமாகிவிடும்.

சூளைப் புகையிலும் குண்டு மழையிலும் நம் முன்னோர் அணையாது காத்த விளக்கை, நாமும் காத்து நம் மக்களிடம் ஒப்படைப்போமாக!