தாய் தரும் மரபணுவும் அலமாரியில் கிடக்கும் உருண்டையும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்பது பழமொழி. பிள்ளையின் குணத்தையும் முகச்சாயலையும் பார்த்துப் பெரியவர்கள் சொன்ன சொல் அது. ஆண்பிள்ளைகள் விஷயத்தில் ஒரு மரபணு இந்தப் பழமொழியை அப்படியே மெய்ப்பித்துக் காட்டுகிறது. அதன் பெயர் ஜி6பிடி. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. மகப்பேற்று வார்டில் தாதியர் சொல்லியிருப்பார்கள். குழந்தையின் மருத்துவப் புத்தகத்திலும் எழுதியிருப்பார்கள். ஆனால், அது என்ன, அதனால் என்ன வரும் என்று விளங்கிக்கொண்டவர்கள் எத்தனை பேர்?

சிவப்பு அணுவின் காவலன்

மனித உயிரணுவில் 23 இணை குரோமோசோம்கள் இருக்கின்றன. ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது அவற்றில் ஓர் இணை. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய். இந்த எக்ஸ் குரோமோசோமின் நீண்ட கையின் நுனியில் ஜி6பிடி மரபணு அமர்ந்திருக்கிறது. அது தரும் கட்டளைப்படி 515 அமினோ அமிலங்களைக் கோத்து உடல் ஒரு புரதத்தைச் செய்கிறது. குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதி அதுதான்.

இந்த நொதிக்கு என்ன வேலை? இரும்பில் துரு ஏறுவதைப் போல உயிரணுக்களிலும் ஆக்சிஜனால் ஒரு வகைச் சேதம் உண்டாகிறது. அதைத் தடுக்கும் பொருள் குளுட்டாதியோன். அது ஓயாமல் வேலை செய்யத் தேவையான ஆற்றலைச் சீனிச்சத்திலிருந்து எடுத்துத் தருவது இந்த நொதி. மற்ற உயிரணுக்களுக்கு இதற்கு வேறு வழிகளும் உண்டு. சிவப்பு அணுவுக்கு இது ஒன்றே வழி. ஏறக்குறைய 120 நாள்கள் ஆக்சிஜனைச் சுமந்து திரியும் அந்த அணுவுக்கு வேறு காவல் கிடையாது.

நொதி குறைவாக உள்ளவர் சாதாரண நாள்களில் நலமாகவே இருப்பார். பள்ளிக்குப் போவார், பந்து விளையாடுவார். ஒத்துக்கொள்ளாத மருந்தோ இரசாயனமோ உடலுக்குள் போனாலும், கடுமையான தொற்று வந்தாலும் சிவப்பு அணுக்கள் கூட்டம் கூட்டமாக உடையும். முகம் வெளுக்கும், கண் மஞ்சளாகும், சிறுநீர் கோப்பி ஓ நிறத்தில் போகும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறி இது.

ஒரு மருந்து சொன்ன இரகசியம்

இந்தக் குறைபாட்டைக் கண்டுபிடிக்க உதவியது மலேரியா மருந்து. பிரைமாகுயின் மாத்திரை சாப்பிட்ட சிலருக்கு மட்டும் இரத்தம் உடைந்தது ஏன் என்று அமெரிக்க மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். இல்லினாய் மாநிலத்தின் ஸ்டேட்வில் சிறைக் கைதிகளிடம் அந்த ஆய்வு நடந்தது. கைதிகளை அப்படிச் சோதனைக்கு உட்படுத்தியது சரியா என்ற கேள்வி இன்றும் எழுப்பப்படுகிறது. காரணம் இந்த நொதியின் குறைவுதான் என்பது 1956இல் வெளியானது.

சிங்கப்பூரில் இந்தச் செய்தி உயிர் காக்கும் செய்தியாயிற்று. அந்நாளில் பிறந்த சில நாள்களிலேயே மஞ்சள் காமாலை முற்றி, அது மூளையைத் தாக்கி, பல குழந்தைகள் இறந்தன. பிழைத்த குழந்தைகள் சில காது கேளாமலும் கைகால் கட்டுப்பாடு இல்லாமலும் வளர்ந்தன. அந்தக் காமாலைக்கும் ஜி6பிடி குறைபாட்டுக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டியவர்களில் முதன்மையானவர் குழந்தை மருத்துவர் வோங் ஹோக் பூன். 1965இல் தொப்புள் கொடி இரத்தத்தைச் சோதிக்கும் திட்டம் அங்கே தொடங்கியது. பின்னர் மலேசிய அரசாங்க மருத்துவமனைகளிலும் அது வழக்கமாயிற்று. ஒரு சில துளி இரத்தத்தில் செய்யும் அந்தச் சோதனை எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது.

பழி யாருக்கு?

உலகில் 40 கோடிக்கும் அதிகமானோருக்கு இந்தக் குறைபாடு உண்டு. மலேரியா தலைமுறை தலைமுறையாக வாட்டிய நாடுகளில்தான் இது மிகுதி. குறைபாடுள்ள சிவப்பு அணுவில் மலேரியாக் கிருமி செழித்து வளர முடியாததே அதற்குக் காரணம் என்று அறிவியலார் கருதுகிறார்கள். ஒரு காலத்தில் முன்னோரைக் காத்த கவசம் இன்று பேரப்பிள்ளைக்குக் குறையாகத் தெரிகிறது; அவ்வளவுதான். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சீனர், மலாய்க்காரர்களை விட இந்தியரிடையே இது குறைவு. குறைவு என்பதால் இல்லை என்று ஆகிவிடாது.

சில வீடுகளில், "உன் வழியில் வந்த வியாதி" என்று மருமகளைக் குத்திக் காட்டுவது உண்டு. கணக்கைப் பாருங்கள். மகனுக்குத் தந்தை தருவது ஒய்; எக்ஸ் தாயிடமிருந்துதான் வரும். தாயின் இரண்டு எக்ஸில் ஒன்று மட்டும் குறையுடையதாக இருந்தால், ஒவ்வொரு மகனுக்கும் அது வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆனால் அந்தத் தாய்க்கு அது எங்கிருந்து வந்தது? அவளுடைய தந்தையிடமிருந்தும் வந்திருக்கலாம். குறைபாடுள்ள தந்தை அதை மகனுக்குத் தருவதில்லை. மகள்கள் அனைவருக்கும் தருகிறார். தாத்தாவிடமிருந்து மகள் வழியாகப் பேரனுக்குப் போகும் சொத்து இது. கேட்டு வாங்கியவரும் இல்லை, வேண்டுமென்று கொடுத்தவரும் இல்லை. இதில் பழிக்கு எங்கே இடம்?

பெண்பிள்ளைக்கு வராது என்று நினைப்பதும் தவறு. பெண்ணின் ஒவ்வோர் உயிரணுவிலும் இரண்டு எக்ஸில் ஒன்று உறங்கிவிடும் என்று 1961இல் மேரி லயன் என்ற ஆங்கிலேய அறிஞர் விளக்கினார். மறு ஆண்டே இந்த ஜி6பிடியை வைத்துத்தான் அமெரிக்க மருத்துவர் எர்னஸ்ட் பாய்ட்லர் அதற்குச் சான்று காட்டினார். ஆகவே, குறையுடைய எக்ஸ் ஒன்றைப் பெற்ற பெண்ணின் இரத்தத்தில் நல்ல அணுவும் குறையுள்ள அணுவும் கலந்தே இருக்கும். சாதாரணச் சோதனை சில வேளைகளில் அதைக் காட்டாமலும் போகலாம். மகளுக்குக் காமாலை கூடினாலும் அலட்சியம் வேண்டாம்.

வீட்டில் செய்ய வேண்டியது

முதலில் துணி அலமாரியைத் திறந்து பாருங்கள். பாட்டியின் பழைய பருத்திச் சேலையில் தொட்டில் கட்டுவது தமிழர் வழக்கம். அந்தச் சேலை பாச்சை உருண்டையோடு மாதக்கணக்கில் மடித்துக் கிடந்திருக்கும். அந்த உருண்டையில் உள்ள நாப்தலின் இந்தக் குழந்தைகளுக்கு நஞ்சு. மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் அது உடலில் சேரும். உருண்டையை வீட்டை விட்டே அகற்றுங்கள். உருண்டையோடு கிடந்த துணியைக் குழந்தைக்குப் பயன்படுத்தாதீர்கள்.

அடுத்தது ஃபாவா பீன்ஸ். காச்சாங் பாராங் என்ற பெயரில் வறுத்து, காச்சாங் பூத்தே பொட்டலத்தில் கலந்து விற்பார்கள். ஈப்போ புந்தோங்கில் தமிழ்க் குடும்பங்கள் பெயர் பெற்ற தொழில் அது, தொழிலில் குறையில்லை. அந்த ஒரு பயற்றை மட்டும் பொறுக்கி விலக்கினால் போதும். கடலையையும் பட்டாணியையும் ஒதுக்க வேண்டியதில்லை.

மூன்றாவது மருந்து. பிரைமாகுயின், தொழுநோய்க்குத் தரும் தாப்சோன், சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் நைட்ரோஃபுரான்டோயின் போன்றவை ஆகா. மருத்துவரைக் கேட்காமல் மூலிகைச் சாறோ நாட்டு மருந்தோ புகட்டாதீர்கள். பால் கொடுக்கும் தாயும் இதே கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்க வேண்டும். அவர் உட்கொள்வது பாலில் கலக்கும். அதற்காக எல்லாவற்றுக்கும் அஞ்சத் தேவையில்லை. தடுப்பூசிகள் அனைத்தையும் போடலாம்.

நான்காவது காமாலை. காலை வெயிலில் காட்டினால் போதும் என்று காத்திருக்காதீர்கள். வெயில் சிகிச்சை ஆகாது. குழந்தை மஞ்சளாகி, பால் குடிக்காமல் சோர்ந்து உறங்கினால், அல்லது கீச்சுக் குரலில் அழுது உடலை வில்லாக வளைத்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. மருத்துவமனையில் நீல ஒளி விளக்கு இருக்கிறது. மிக முற்றிய நிலையில் இரத்தத்தை மாற்றவும் முடியும். மூளை பாதித்த பிறகு அதை மீட்கும் மருந்து மட்டும் இல்லை.

கடைசியாக ஒன்று. இந்தக் குறைபாடு ஆயுள் முழுதும் கூட வரும். தாய்க்குத் தெரிந்தது மகனுக்கும் தெரிய வேண்டும். பள்ளி விடுதிக்குப் போகும்போதும், தேசிய சேவைக்குப் போகும்போதும், புதிய கிளினிக்கில் பெயர் பதியும்போதும், "எனக்கு ஜி6பிடி குறைபாடு உண்டு" என்று அவனே சொல்லப் பழக்குங்கள். திருமணப் பேச்சில் மறைக்க வேண்டிய இரகசியமும் அல்ல இது. மறைத்தால், நாளை பிறக்கும் பேரப்பிள்ளைக்குத்தான் ஆபத்து.

மரபணுவைத் தாய் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில்லை. அதைப் பற்றிய அறிவைக் கொடுப்பது அவர் கையில் இருக்கிறது. அந்தச் சொத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.